எண்ணெய்க் குளியலில் பக்தி எவ்வளவு?

தீபாவளி விடியலில் எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் குடியிருப்பதாக ஐதீகம். திகம்பரச் சமண முனிவர்களோ தலைமயிரைக் கையாலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள். எண்ணெயும் இல்லை, குளியலும் இல்லை. உடம்பைப் பேணுவது அறமா, பற்றா?

பழனியில் இரண்டும் சந்திக்கின்றன. முடியைக் காணிக்கையாகக் கொடுத்தவர், கையோடு மழித்த தலையில் குளுகுளுவென்று சந்தனம் பூசிக்கொள்கிறார். துறவுக்கும் எரிச்சல் உண்டு!

ஆனால் ஐதீகம் எல்லாத் தலைக்கும் வைத்தியமாகிவிடாது. வறண்ட தலைத்தோலுக்குக் குளிக்குமுன் சிறிது தேங்காயெண்ணெய் இதம் தரும்; கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீர் வறட்சியைக் கூட்டும். பிசுபிசுப்பான மஞ்சள் செதில் வேறு சங்கதி. அங்கே வளரும் மலசேசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெயிலுள்ள கொழுப்பமிலமே தீனி. அப்படிப்பட்டவர்கள் சனிக்கிழமை எண்ணெயை விட்டால் எந்தச் சாமியும் கோபிக்காது. தோல் சிவந்து நீர் கசிந்தால் மருத்துவரைப் பாருங்கள்.