வாழ வந்தவர்கள்

கரியாஹாட் சந்தியிலிருந்து ராஷ்பிகாரி சாலை வழியே மேற்கே நடந்தால், லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் பூச்சரமும் நம்மை வரவேற்கும். அங்கு இரு தமிழர் சந்தித்தால் எழும் முதல் வினா, “தங்களுக்கு எந்த ஊர்?” என்பதே. இந்நகரிலேயே பிறந்தவரும் தாம் வாழ்ந்தறியாத ஒரு சிற்றூரின் பெயரையே விடையாகக் கூறுவர். வாழாத ஊர் எவ்வாறு நம் ஊராகும்?

இதனை எண்ணுங்கால் கொல்லிமலை நினைவுக்கு வருகிறது. வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட அம்மலைக்கு இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுகிறோம். மலையாளிகள் எனப்படும் அம்மலைவாழ் தமிழ் மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என வழிவழியாகக் கூறி வருகின்றனர். அவர்தம் ஊர்த்தொகுதிகள் ‘நாடு’ எனப்படும். அவற்றுள் ஒன்று வாழவந்தி நாடு. வாழ வந்தோர் என்றே அப்பெயர் நம் செவியில் ஒலிக்கிறது.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. காஞ்சியை மறவாத அம்மக்கள், அங்கு ஒரு சாண் நிலத்துக்கும் உரிமை கோரியதாக நாம் கேட்டதில்லை. வந்த மலையிலேயே சாமையும் தினையும் விளைவித்து, அதனையே தம் நாடாக்கினர். பிற்காலத்தில் மரவள்ளி பரவவே, சிறுதானிய நிலங்கள் சுருங்கின. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வுழவர்களுடன் இணைந்து பழைய விதைகளைக் காக்க முனைந்தது. விதையைப் பூட்டி வைத்தால் அது மடியும். விதைத்து வந்தால்தான் வாழும். நினைவும் அத்தகையதே அன்றோ?

நம்முள் பலரது பூர்வீக வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது. பங்காளியின் பிள்ளைகள் குடியிருக்க இடமின்றித் தவிக்கின்றனர். கையொப்பம் கேட்டு மடல் வந்தால், “முன்னோர் நினைவு” என்று மறுக்கிறோம். அது நினைவா, உடைமைப் பற்றா? 1947-இன் பிரிவினையில் கிழக்கு வங்கத்து ஊர்களை இழந்து இந்நகரில் குடியேறியோர்க்குத் திரும்பும் வழி அடைபட்டது. நமக்கோ 1977 முதல் கோரமண்டல் விரைவு வண்டி ஓடுகிறது. வழியிருந்தும் செல்லாத நாம், திறவுகோலை மட்டும் விடாது பற்றியிருத்தல் அறமாகுமா?

வீட்டையும் விட்டால் நம் மக்களுக்கு ஊருடன் உள்ள கடைசி இழையும் அறுமே எனச் சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும், அவ்விழை பூட்டில் இல்லை. நாவிலும் நடையிலும் உள்ளது. மண் அதில் வாழ்பவர்க்கு உரியது. கடமையோ பிரிந்து வந்தவர்க்கும் உரியது. ஆகவே திறவுகோலை அங்கிருப்பவர் கையில் கொடுப்போம். நம் மக்களை ஒருமுறையேனும் அழைத்துச் சென்று, அவ்வீட்டில் விருந்தினராய் அமரச் செய்வோம்.