எண்ணும் ஊழும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே, சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என வழங்கும் குகையில் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. தீராப் பிணியோ தளர்ந்த மூப்போ வந்துற்றபோது, இனி இத்தேகம் தர்மத்துக்கு உதவாது என்று தாமே தெளிந்து, ஆகாரத்தைப் படிப்படியாகக் குறைத்து உயிர்நீக்கும் சல்லேகனை விரதத்தைச் சமண சமயம் அனுமதித்தது. அவ்விரதத்தின் நியாய அநியாயத்தில் நான் புகவில்லை. அதைப் பூணுபவன் தன் நிலையை அறிந்து தானே துணிய வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றே ஈண்டு என் சிந்தைக்குரியது.

இந்நாளில் அத்தகைய அறிவைத் தர முன்வருவனவற்றுள் ஒன்று, பிராஸ்டேட் சுரப்பியில் ஊறும் ஒரு புரதத்தை இரத்தத்தில் அளந்து காட்டும் பி.எஸ்.ஏ. பரிசோதனை. 1986-ல் அமெரிக்காவில் அதற்கு முதல் அனுமதி கிடைத்தது நோயைக் கண்டுபிடிப்பதற்கன்று. புற்றுநோய் என்று முன்பே தெரிந்தவர்களைக் கண்காணிப்பதற்கே. சுரப்பியை முற்றும் அகற்றிய சில வாரங்களில் அப்புரதத்தின் அளவு அநேகமாக இல்லாதொழிய வேண்டும். மீண்டும் தலைகாட்டி மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுபரிசோதனையிலும் இறங்காதிருப்பின், நோய் திரும்பியதென்று வைத்தியர் கொள்வர். சில மாதங்களிலேயே இரட்டித்தால் அபாயம் மிகுதி. ஆண்டுக்கணக்கில் ஊர்ந்தால், நோயை உடன்வைத்துக்கொண்டே வாழ்ந்து வேறொரு காரணத்தால் மரிப்பவர் பலர்.

இவ்வெண்ணை ஊழெனக் கொள்ளலாமா? ஆகாதென்பதே என் துணிபு. ஆயுளை வரையறுக்கும் ஊழாகிய ஆயுட்கர்மம் அந்தந்த ஜீவனையே பற்றியது என்பது சமணர் கொள்கை; பி.எஸ்.ஏ.யோ, அதே அளவுடைய பலருக்கு நேர்ந்ததைக் கூறுமேயன்றி, எதிரே அமர்ந்திருக்கும் இவருக்கு நேரப்போவதை அறுதியிட்டுக் கூறாது. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோயால் சகோதரி இறந்ததை விதியென்று விட்டுவிட்டு அமர்ந்திருந்தால், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்திராது.

ஆயினும் நம் வீடுகளில், ரிப்போர்ட்டை மகன் வாங்கிப் பையில் ஒளித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லப்பா, சூடுதான்” என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அன்பினால்தான். எண்ணே ஊழாயின், செய்வதற்கு யாதுமில்லை. மறைப்பது கருணையாகவும் இருக்கலாம். ஊழல்லவாதலின், கதிர்வீச்சா, ஹார்மோன் சிகிச்சையா, வெறுமனே கண்காணிப்பா, நிலபுலத்தை இப்போதே பிரித்தெழுதுவதா என்ற தீர்மானங்கள் எஞ்சுகின்றன; அவை தகப்பனாருடையவை, மகனுடையவை அல்ல. அறிய வேண்டாமென்று சொல்லும் உரிமையும் அவருடையதே. ஆகையால், இரத்தம் கொடுப்பதற்கு முன்பே, முடிவை யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவரைக் கேட்டுவிடுங்கள்.