ஒரு ஷில்லிங் இல்லாத ஊர்

1929–30 சீசனில் இங்கிலாந்துக் கால்பந்து லீகின் மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவில் கடைசி இடத்தில் நின்ற அணி, தெற்கு வேல்ஸின் மெர்தர் டவுன். ஆடியவை 42, வென்றவை 6, சமனில் முடிந்தவை 9, தோற்றவை 27. அடித்த கோல்கள் 60, வாங்கிய கோல்கள் 135. ஏப்ரல் 10ஆம் தேதி அண்டை ஊரான நியூபோர்ட்டிடம் மட்டும் பத்துக் கோல் வாங்கி, ஒன்றுகூடத் திருப்பி அடிக்காமல் தோற்றது. கால்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் இந்த எண்களை எடுத்துக்காட்டிவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடுகிறார்கள். இத்தனை கோல் வாங்கிய அணி லீகை விட்டுப் போனதில் வியக்க என்ன இருக்கிறது என்று நமக்கும் முதலில் தோன்றும். ஆனால் புள்ளிப் பட்டியலின் கடைசி வரியில் எழுதியிருப்பது பதினொரு ஆட்டக்காரர்களின் திறமைக் குறைவு மட்டும்தானா என்ற கேள்வி, அந்த ஊரைப் பற்றிப் படிக்கப் படிக்க வலுத்துக்கொண்டே போகிறது.

மெர்தர் டிட்வில் சாதாரண ஊர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸின் மிகப் பெரிய நகரம் அதுதான். நான்கு பெரிய இரும்பாலைகள் அதைச் சூழ்ந்து இரவும் பகலும் எரிந்தன. ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் நீராவி எந்திரம் 1804 பிப்ரவரியில், குதிரையின் துணையில்லாமல் பத்து டன் இரும்பைத் தண்டவாளத்தின் மேல் இழுத்துக்கொண்டு புறப்பட்டது அவ்வூரின் பெனிடாரன் ஆலையிலிருந்துதான். 1831இல் கூலிக் குறைப்பையும் கடன் கொடுமையையும் எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளர்ந்து நின்ற ஊரும் அதுவே. 1900இல் கியர் ஹார்டியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பித் தொழிலாளர் கட்சியின் முதல் குரல்களில் ஒன்றை ஒலிக்கச் செய்ததும் அதே மக்கள்தாம். கால்பந்துக் கழகம் 1908இல் பிறந்து, பெனிடாரன் பார்க் என்ற மைதானத்தில் ஆடத் தொடங்கியது. பழைய ரோமானியக் கோட்டையொன்று இருந்த இடம் அது. முதல் உலகப் போர் முடிந்து, நிலக்கரிக்கும் இரும்புக்கும் நல்ல விலை இருந்த 1920இல், லீக் தன் மூன்றாம் டிவிஷனைத் திறந்தபோது மெர்தர் டவுனும் உள்ளே வந்தது. அடுத்த ஆண்டு மலைக்கு அப்பாலிருந்து அபர்டேர் அத்லெட்டிக்கும் சேர்ந்துகொள்ள, வேல்ஸிலிருந்து ஆறு அணிகள் லீகில் ஆடின. பள்ளத்தாக்குகளில் வேலை இருந்தது. சனிக்கிழமை பிற்பகல் ஷிஃப்ட் முடிந்து நேரே மைதானத்துக்கு வருகிறவனின் பையில் காசும் இருந்தது.

பிறகு நடந்ததை உலகம் 1929 அக்டோபரிலிருந்து, நியூயார்க் பங்குச் சந்தை விழுந்த நாளிலிருந்து எண்ணுகிறது. மெர்தருக்கு அந்தத் தேதி பொருந்தாது. ஐரோப்பாவின் மற்றச் சுரங்கங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கியபோதே வேல்ஸ் நிலக்கரியின் விலை சரிந்துவிட்டது. 1926இல் கூலியைக் குறைக்க மறுத்த சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கதவடைத்தார்கள். அந்தக் கதவடைப்பு ஏறக்குறைய ஏழு மாதம் நீண்டு, அவர்கள் தோற்றுத் திரும்பியதில் முடிந்தது. டவ்லைஸ் இரும்பாலை மூச்சு வாங்கி வாங்கி ஓடி, 1930இல் எஃகு உருக்குவதையே நிறுத்தியது. 1921இல் எண்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் பத்தாண்டு கழித்து எண்ணும்போது எழுபத்தோராயிரம் பேரே இருந்தார்கள். போனவர்கள் கிழவர்களும் குழந்தைகளும் அல்லர். கால் வலுவுள்ள, பந்து விரட்டக்கூடிய, பந்து விரட்டுவதைப் பார்க்க நிற்கக்கூடிய வயதுக்காரர்கள்தாம் முதலில் ரயிலேறினார்கள். ஒரு கால்பந்துக் கழகம் உயிரோடிருக்க யார் தேவையோ அவர்களே இல்லாமல் போனார்கள்.

இருந்தவர்களுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு ஷில்லிங் நின்றது. பெரியவர் ஒருவர் லீக் ஆட்டம் பார்க்கக் குறைந்தபட்சக் கட்டணம் ஒரு ஷில்லிங் என்று லீகே விதித்திருந்தது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்க் கழகங்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்தால் எல்லாருமே அழிவார்கள் என்று அஞ்சினார்கள். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் மெர்தரில் அந்த விதி வேறு வேலை செய்தது. 1928க்குப் பின் வேலையில்லாத ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங் உதவித்தொகை. மனைவிக்கு 7, குழந்தை ஒன்றுக்கு 2. இரண்டு குழந்தைகளோடு வாடகையும் கட்ட வேண்டிய ஒரு வீட்டில் 28 ஷில்லிங்கில் ஒன்றை எடுத்துப் பந்தாட்டத்துக்குக் கொடுப்பது எளிதாகச் செய்துவிடக்கூடிய காரியமன்று. செய்கிறவன் வீட்டில் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்க முடியாது. அரங்கில் பாதி காலியாகக் கிடந்தாலும், வாசலுக்கு வெளியே நிற்கிற வேலையில்லாதவனை நாலு காசுக்கு உள்ளே விட்டுக்கொள்ளும் உரிமை கழகத்துக்கு இல்லை. எல்லாரையும் சமமாக நடத்த எழுதப்பட்ட விதி, எல்லாரும் சமமாக இல்லாத இடத்தில் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை அந்த வாசலில் நின்று பார்த்திருக்கலாம்.

நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட இன்னொரு விதியும் இருந்தது. வாசல் வசூலில் செலவு போக ஐந்தில் ஒரு பங்கை, வந்து ஆடிய அணிக்குத் தர வேண்டும். வசதியுள்ள கழகம் வசதியற்ற கழகத்தைத் தாங்கும் ஏற்பாடு அது. லீகில் அத்தகைய ஏற்பாடு இருந்ததை இன்றும் மதிக்கத் தோன்றுகிறது. ஆனால் பங்கு வர வேண்டுமானால் எதிரெதிரே ஆட வேண்டும். மூன்றாம் டிவிஷனில் இருப்பவர்கள் ஆடியது மூன்றாம் டிவிஷனில் இருந்த மற்றவர்களோடுதான். ஆர்சனல் கழகம் 1928இல் டேவிட் ஜாக் என்ற ஒரே ஆட்டக்காரருக்குப் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து, அதற்கு முன் யாரும் தராத விலை தந்தது. அந்தப் பணம் புழங்கிய உயரத்துக்கும் மெர்தரின் தாழ்வாரத்துக்கும் நடுவில் படிக்கட்டே இல்லை. கீழே இருந்த ஏழைகள் தமக்குள் ஏழ்மையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆட்டக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்குப் பிரிவு என்ற பெயர் ஏதோ பக்கத்து ஊர்களின் கூட்டம் போல ஒலிக்கிறது. மேற்கே பிளிமத்திலிருந்து கிழக்கே நார்விச் வரை அது விரிந்திருந்தது. டாஃப் நதிப் பள்ளத்தாக்கின் உச்சியிலிருந்து இறங்கி அங்கெல்லாம் போய்வருவது அந்நாளைய ரயிலில் உடலை வாட்டும் பயணம். 1922 முதல் 1925 வரை வெளியூரில் தொடர்ந்து 61 லீக் ஆட்டங்களில் மெர்தர் வெல்லவே இல்லை. இது கேலிக்குரிய சாதனையாகப் பட்டியல்களில் இடம்பெற்றிருக்கிறது. அதே ஆண்டுகளில் சொந்த மைதானத்தில் அவர்கள் வென்றுகொண்டிருந்தார்கள் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. மூன்றாண்டுகள், வெளியூர் போகும் ஒவ்வொரு முறையும் தோற்கவோ சமன் செய்யவோ மட்டுமே செய்து, மறுபடியும் அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டியவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வருவதில்லை. 1929–30இன் கடைசி வாரங்களும் அப்படித்தான். நியூபோர்ட்டில் பத்து வாங்கிய பிறகும் மிச்சமிருந்த ஆட்டங்களை அவர்கள் ஆடி முடித்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து விகன் பரோ என்ற கழகம், 1931 அக்டோபரில் கடன் தாங்காமல் சீசனின் நடுவிலேயே விலகியது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் 42 ஆட்டத்தையும் ஆடி முடிப்பது தானாக நடந்துவிடும் செயல் அல்ல என்பதை அது காட்டுகிறது.

சீசன் முடிந்ததும் கடைசி இரண்டு இடக்காரர்கள் மறுபடியும் தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி லீகிடம் விண்ணப்பிக்க வேண்டும், வெளியிலிருந்து இடம் கேட்பவர்களும் விண்ணப்பிப்பார்கள், பொதுக்குழுவில் வாக்கெடுப்பு. முழு உறுப்பினர்கள் முதல் இரண்டு டிவிஷன் கழகங்களே. மூன்றாம் டிவிஷன்காரர்கள் வெறும் இணை உறுப்பினர்கள். ஆக, மெர்தரின் விதியைப் பெரும்பாலும் முடிவு செய்தவர்களில் பலர், மெர்தரோடு லீகில் ஆடாதவர்கள், பெனிடாரன் பார்க்கின் மழையில் ஒரு பிற்பகல்கூட நிற்காதவர்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. தத்தம் ஊரில் நேர்மையான வணிகர்கள், ஆலைக்காரர்கள், மதுக்கடை முதலாளிகள் என்று பலவகைப்பட்டவர்கள். கழகங்களை நடத்துவது அவர்களுக்கும் சுமைதான். ஏற்கெனவே 1927இல் அபர்டேர் போயிருந்தது. அதே ஆண்டு வசந்தத்தில்தான் கார்டிஃப் சிட்டி ஆர்சனலை வென்று எஃப்.ஏ. கோப்பையை வேல்ஸுக்குக் கொண்டுவந்திருந்தது. இருபத்து சொச்சம் மைல் தூரத்தில் ஒரு கழகம் கொண்டாடப்பட, இன்னொன்று வெளியேற்றப்பட்டது. 1928இல் டர்ஹாம் சிட்டியும் 1929இல் ஆஷிங்டனும் வெளியேறின. இரண்டும் வடகிழக்கு நிலக்கரி வட்டாரத்தின் கழகங்கள். நிலக்கரி ஊர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்ததை அந்தக் கூட்டத்தில் யாராவது எழுந்து சொன்னார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. 1930இல் கடைசி இரண்டு இடக்காரர்களில் கில்லிங்ஹாமை வைத்துக்கொண்டார்கள். மெர்தர் வெளியே போனது.

அந்த இடம் தேம்ஸ் என்ற கழகத்துக்குக் கிடைத்தது. கிழக்கு லண்டனில், நாய்ப் பந்தயத்துக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கும் கட்டப்பட்ட பிரம்மாண்டமான அரங்கம் ஒன்று சனிக்கிழமைகளில் சும்மா கிடந்தது. லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் என்றார்கள். அதை நிரப்புவதற்காக 1928இல் தொடங்கப்பட்ட கழகம் அது. சுற்றிலும் லட்சக்கணக்கில் மக்கள். எனவே கூட்டம் வரும் என்பது கணக்கு. 1930 டிசம்பர் 6ஆம் தேதி லூட்டனோடு தேம்ஸ் ஆடிய லீக் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 469 பேர். அந்த மக்களுக்கு வெஸ்ட் ஹாம் இருந்தது, மில்வால் இருந்தது, கிளாப்டன் ஓரியன்ட் இருந்தது. அப்பன் பாட்டனோடு நின்ற திட்டுகள் இருந்தன. புதிய அரங்கம் அவர்களை ஈர்க்கவில்லை. இரண்டே சீசனில் தேம்ஸ் கடைசி இடத்துக்கு வந்து, மறுபடி விண்ணப்பிக்காமலே கலைந்துபோனது.

ஷில்லிங் இருந்த இடத்தில் பற்று இல்லை, பற்று இருந்த இடத்தில் ஷில்லிங் இல்லை. லீக் எண்ணத் தெரிந்ததை மட்டும் எண்ணியது. ஆனால் அந்தக் கணக்கு லீகின் கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான் நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. அரசும் அதே கணக்கைத்தான் போட்டது. 1928இல் தொழிலாளர் இடமாற்றத்துக்கென ஒரு வாரியத்தை அமைத்து, வேலையில்லாத வட்டாரங்களிலிருந்து ஆட்களை வேலையுள்ள வட்டாரங்களுக்கு அனுப்ப முனைந்தது. வேலையை ஊருக்குக் கொண்டுவருவது அன்று கொள்கையாக இல்லை. வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் பிள்ளைகள் ஆக்ஸ்ஃபோர்டின் மோட்டார் ஆலைக்கும் ஸ்லவ்வின் தொழிற்பேட்டைக்கும் போனார்கள். 1939இல் லண்டன் ஆய்வுக் குழு ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், மெர்தரைத் தாங்கப் பணம் செலவிடுவதைவிட அவ்வூர் மக்களையே கிளப்பிக் கடலோரத்துக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தலாமே என்று யோசனை சொன்னது. இவற்றை எழுதியவர்கள் இரக்கமற்றவர்களாக எழுதவில்லை. உண்மையிலேயே உதவும் நினைப்பில்தான் எழுதினார்கள். ஓர் ஊர் என்பது அங்கிருக்கும் ஆட்களின் எண்ணிக்கை மட்டுமே என்று படித்தவர்கள் நம்பியதில்தான் துயரம் இருக்கிறது. நம் காலத்துத் திட்ட அறிக்கைகளும் அதே நம்பிக்கையில்தான் எழுதப்படுகின்றன.

மெர்தர் டவுன் கீழ்நிலை லீகில் இன்னும் சில ஆண்டுகள் தடுமாறி 1934இல் கலைந்தது. ஊரில் கால்பந்து கலையவில்லை. மெர்தரின் பெனியார்டில் பிறந்து சுரங்கத்தில் வேலை பார்த்த பிரின் ஜோன்ஸை, 1938இல் ஆர்சனல் 14,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. பிரிட்டனில் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் தரப்படாத விலை. அந்தப் பணத்தில் ஒரு பென்னிகூட மெர்தருக்கு வரவில்லை. அவரை விற்றது வுல்வர்ஹாம்ப்டன். பத்து ஆண்டுகளுக்குள் இரண்டு முறை சாதனை விலை கொடுத்த விளையாட்டில், பதினொரு பேரை வைத்துக்கொள்ள ஒரு தொழில் நகரத்துக்கு வழியில்லாமல் போனது.

போர் முடிந்து 1945இல் மெர்தர் டிட்வில் என்ற பெயரில் புதிய கழகம் அதே பெனிடாரன் பார்க்கில் எழுந்தது. ஊருக்குத் தொழிற்சாலைகள் வந்தன, கையில் கூலி வந்தது, மைதானம் நிறைந்தது. 1948க்கும் 1954க்கும் இடையில் ஐந்து முறை சதர்ன் லீக் பட்டம் வென்றது. 1949இலும் 1951இலும் வேல்ஸ் கோப்பையும் வென்றது. கூலி கிடைத்தால் அந்த ஊர் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் லீகில் இடம் கேட்டு விண்ணப்பமும் போட்டது. இப்போது அதைப் பலவீனமான அணி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களுக்கே வாக்களிக்கும் வழக்கம் இதற்குள் இறுகிவிட்டிருந்தது. 1930இல் மெர்தருக்குக் காட்டப்படாத பரிவு, மெர்தர் கேட்டு நின்றபோது மற்றவர்களுக்குத் தாராளமாகக் காட்டப்பட்டது. கீழே வென்ற அணி வாக்குக் கேட்காமல் ஆடியே லீகுக்குள் வரலாம் என்ற முறை 1987இல்தான் நடைமுறைக்கு வந்தது.