கைப்பிடி மாறிய ஜன்னல்

மர ஜன்னலில் முதலில் தேய்வதும் முதலில் உடைவதும் கைப்பிடிதான். தினமும் கை படுகிற இடம் அது ஒன்றே. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும்; கதவு நிலைச்சட்டத்தில் இறுகிக்கொள்ளும்; திறக்க வருகிறவர் வழக்கத்தைவிடப் பலமாக இழுப்பார். அந்த விசை முழுவதும் கைப்பிடியைத் தாங்கும் சில திருகாணிகளின் மேல் விழுகிறது. பித்தளைக் கைப்பிடியை இரும்புத் திருகாணியால் முடுக்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் நனையும்போது இரும்பு வேகமாக அரிக்கும். கடற்கரை ஊர்களில் கைப்பிடி பளபளவென்று இருக்கும்போதே திருகாணியின் தலை உதிர்ந்து கையோடு வந்துவிடுவது இதனால்தான்.

மாற்றுகிற வேலை சிறியது. ஆனால் பழைய கைப்பிடியைக் கழற்றிய இடம் பார்க்கத் தகுந்தது. சுற்றிலும் புதுப் பெயிண்ட் இருக்க, கைப்பிடி உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் பல வருடங்களுக்கு முந்தைய பச்சையோ நீலமோ அதே வடிவத்தில் தெரியும். திருகாணித் துளை பெரிதாகியிருந்தால் ஆசாரி பசையில் தோய்த்த மரச்சீவலையோ தீக்குச்சியையோ அதில் சொருகி, காய்ந்தபின் மறுபடி துளையிடுவார். புதுக் கைப்பிடியின் துளைகள் பழையவற்றோடு சேராவிட்டால் பழையவை பட்டிக்கு அடியில் மறையும். யுபிவிசி ஜன்னல்களில் இந்தத் தொல்லை குறைவு. ஐரோப்பிய அளவுமுறையில் செய்யப்படும் பல கைப்பிடிகளில் இரு திருகாணிகளுக்கு இடையே 43 மி.மீ., உள்ளே நுழையும் சதுரத் தண்டு 7 மி.மீ. என்பது பொது அளவு. மூடியைத் திருப்பினால் திருகாணிகள் தெரியும். கழற்றிவிட்டு வேறொரு நிறுவனத்தின் கைப்பிடியைக்கூட அங்கே பொருத்தலாம்.

மாற்றியபின் இருப்பது அதே ஜன்னல்தானா? வீட்டில் யாரும் கேட்காத கேள்வி இது. இந்தியத் தத்துவ மரபுகளோ இதைப் பல நூற்றாண்டுகள் விடாமல் கேட்டிருக்கின்றன. உறுப்புகளின் சேர்க்கைக்கு அப்பால் முழுப்பொருள் என ஒன்று உண்டா, ஓர் உறுப்பு போனால் அது என்னவாகிறது என்ற விவாதத்தில் நியாய மரபினரான நையாயிகர்கள், பௌத்தர்கள், சமணர்கள் எல்லோரும் இருந்தார்கள். எடுத்துக்காட்டுகள் குடம், துணி, தேர் என மாறினாலும் சிக்கல் ஒன்றே.

நியாய மரபின் விடை நேரடியானது. முழுப்பொருள், அவர்கள் சொல்லில் அவயவி, உறுப்புகளில் தங்கியிருந்தாலும் உறுப்புகளிலிருந்து வேறான தனிப்பொருள். கௌதமரின் நியாய சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் இதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, பிடித்தலும் இழுத்தலும் இயல்கின்றன என்பது. ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுதும் வருகிறது. வெறும் குவியலாக இருந்தால் பிடித்தது மட்டும்தான் கையில் வரும். கைப்பிடி என்ற பொருளே இந்த வாதத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் இதை அப்படியே ஏற்கவில்லை. அரக்கு வைத்து ஒட்டிய புல்லையும் கல்லையும் மரத்தையும்கூட ஒன்றாக இழுக்கலாம். அதனால் அவை ஒரே பொருளாகிவிடுமா என்பது அவர் எழுப்பும் ஐயம். பின்வந்த உத்தியோதகரர் சூத்திரத்தின் பக்கம் நின்று வாதாடினார்.

ஜன்னலை வைத்துப் பார்த்தால் வாத்ஸ்யாயனரின் ஐயத்துக்கே வலு அதிகம். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் வருவது கதவு மட்டும்தான். நிலைச்சட்டம் சுவரிலேயே நிற்கிறது. நிலையும் சேர்ந்து வந்துவிட்டால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதுதான். ஆனாலும் கதவு, நிலை, கீல், கம்பி எல்லாவற்றையும் சேர்த்தே ஜன்னல் என்கிறோம். ஆக, இழுத்தலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஜன்னல் ஒரு பொருள் என்று நிறுவ முடியாது. கதவு ஒரு பொருள் என்று மட்டுமே நிறுவலாம். உடைந்த கைப்பிடி இன்னொன்றையும் காட்டுகிறது: இழுக்கும்போது அது தனியாகக் கையில் வந்துவிட்ட அந்த நொடியில், சூத்திரத்தின் கணக்குப்படியே அது கதவின் உறுப்பாக இல்லாமல் போகிறது.

உறுப்பு போனபின் முழுப்பொருளின் கதி பற்றி நியாயமும் அதோடு இணைந்த வைசேஷிக மரபும் சொல்வது கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். உறுப்புகளின் சேர்க்கைதான் முழுப்பொருளைத் தாங்குகிறது. ஒன்று பிரிந்தாலும் அந்தச் சேர்க்கை அழிகிறது. அதோடு பழைய முழுப்பொருளும் அழிகிறது. எஞ்சிய உறுப்புகளிலிருந்து புதிய முழுப்பொருள் தோன்றுகிறது. கிழிந்த துணி பழைய துணி அன்று, அதைவிடச் சிறிய வேறொரு துணி. இதன்படி கைப்பிடி உடைந்தபோது ஒரு கதவு அழிந்தது. கைப்பிடியில்லாத கதவு பிறந்தது. புதிது பொருத்தியதும் மூன்றாவது பிறந்தது. ‘அதே ஜன்னல்’ என்று தோன்றுவது ஒரே இனத்தவை என்ற ஒற்றுமையால் மட்டுமே. அன்றாட வழக்குக்கு இது பொருந்தவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் அவர்களால் இதைத் தயங்காமல் சொல்ல முடிந்ததற்குக் காரணம் சமயம் சார்ந்தது. குழந்தையின் உடலும் வாலிபனின் உடலும்கூட வேறு வேறு முழுப்பொருள்கள் என்றே அவர்கள் கொண்டார்கள். இடையறாமல் தொடரவேண்டியது ஆன்மா ஒன்றே. வினையும் நினைவும் அதைச் சேர்ந்தவை. உடலையே விட்டுக்கொடுக்கத் துணிந்தவர்களுக்கு ஜன்னல் எம்மாத்திரம்?

பௌத்தர்கள் இந்த ஆன்மாவையே ஏற்கவில்லை. அவர்கள் கையில் உறுப்புப் பிரச்சினை மனிதனின் மேலேயே திரும்புகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இந்தோ-கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனருக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடல் இதில் பெயர்பெற்றது. தேரில் வந்ததாகச் சொன்ன மன்னனிடம், அச்சு தேரா, சக்கரம் தேரா, ஏர்க்கால் தேரா என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் இல்லை, எல்லாம் சேர்ந்ததும் இல்லை, அவற்றைச் சார்ந்து வழங்கும் பெயர்தான் தேர். மனிதனும் அப்படியே. அப்படியானால் மறுபடி பிறப்பவன் முன்பிருந்தவனேயா, வேறொருவனா என்று மன்னன் விடாமல் துருவுகிறான். அதற்கு வரும் விடைகளில் ஒன்று விளக்கு: முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றுமில்லை, வேறுமில்லை. பின்னாளில் வசுபந்து அபிதர்மகோசத்தில் இதற்கு ஒரு சோதனையே தந்தார். எதை உடைத்தால் அதைப் பற்றிய எண்ணமும் மறைந்துபோகிறதோ அது வழக்களவில் மட்டும் உள்ள பொருள், குடம் அத்தகையது. கைப்பிடியைக் கழற்றினால் ஜன்னல் என்ற எண்ணம் மறைவதில்லை, கதவுகளைச் சிதைத்தால் மறைகிறது. பெயர் உறுப்புகளைச் சார்ந்ததுதான், ஆனால் எல்லா உறுப்புகளையும் ஒரே அளவில் சார்ந்ததில்லை. வசுபந்து இதைச் சொல்லவில்லை என்றாலும் அவருடைய சோதனையிலிருந்து கிடைப்பது இது. நையாயிகரின் கடுமையான கணக்கைவிட வழக்குக்கு நெருக்கமானதும் இதுவே.

சமணர்கள் இரு தரப்பையும் ஒருபுறச் சார்பு என்றார்கள். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரப்படி தோன்றுதல், அழிதல், நிலைத்தல் மூன்றும் ஒருங்கே உள்ளதே உள்பொருள். சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் தரும் எடுத்துக்காட்டில் பொற்குடம் ஒன்றை அழித்து மகுடம் செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை மட்டும் கருதியவன் நடுநிலையில் இருக்கிறான். ஒரே நிகழ்ச்சி மூன்று உண்மைகளைக் கொண்டிருப்பதால்தான் மூன்று மனநிலைகளுக்கும் இடமுண்டு. உடைந்த பித்தளைக் கைப்பிடியை அதன் வழவழப்புக்குப் பழகிய முதியவரும், புது மாடல் கேட்ட மருமகளும், எடைக்கு வாங்கும் பழைய இரும்புக் கடைக்காரரும் பார்ப்பது அவ்வாறே. ஆனால் இந்த எடுத்துக்காட்டு ஓர் இடத்தில் கைவிடுகிறது. குடத்திலும் மகுடத்திலும் இருந்தது ஒரே பொன். பித்தளைக் கைப்பிடிக்குப் பதில் எஃகுக் கைப்பிடி வரும்போது பொருள்கூடத் தொடர்வதில்லை. தொடர்வது அந்த இடமும் வேலையும்தான். அவற்றை உள்பொருளின் நிலைபேறு என்று சொல்லலாமா என்பதற்குச் சமந்தபத்திரரின் பொன்னில் விடை இல்லை.

சைவ சித்தாந்தத்தில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு இடமில்லை. அது சற்காரியவாதம்: காரியம் காரணத்தில் முன்பே உள்ளது, அழிவு என்பது காரணத்தில் ஒடுங்குதல். உருக்கிய கைப்பிடி பித்தளை என்ற முதற்காரணத்துக்குத் திரும்பியது, அவ்வளவே.

கிரேக்க மரபின் எடுத்துக்காட்டு கப்பல். தீசியஸின் முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் உளுத்த பலகைகளை மாற்றி மாற்றிப் பாதுகாத்ததையும், அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் பிரிந்து நின்றதையும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் இதை இன்னும் கூராக்கினார். கழித்த பலகைகளை ஒருவன் ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இரண்டாவது கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? உறுப்பு மாறியதும் பழையது அழிந்தது என்கிற நையாயிகருக்கு இதில் சங்கடம் குறைவு. வடிவமும் வேலையும் தொடர்ந்தால் போதும் என்கிறவருக்குத்தான் இடி.

கோயில்களில் இந்தக் கேள்வி வாதத்தோடு நிற்கவில்லை, நடைமுறையாகவே ஆகிவிட்டது. பழுதுபட்டதைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணத்துக்கு ஆகமங்களும் சிற்ப நூல்களும் விரிவான விதிகள் வகுத்துள்ளன. திருப்பணிக்கு முன் பாலாலயம் நடக்கும்; மூர்த்தியின் சக்தி கும்பத்துக்கோ அத்திப்பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றப்படும். வேலை முடிந்து புனராவர்த்தக் கும்பாபிஷேகத்தில் அது மறுபடி மூலவரிடம் சேர்க்கப்படும். உளி படுகிற நாட்களில் அந்தக் கல் வெறும் கல். இந்த ஏற்பாட்டில் அடையாளத்தின் சுமை முழுவதும் பொருளிலிருந்து இறங்கிவிடுகிறது. இருந்தும் பொருளை அலட்சியம் செய்ய விதிகள் விடவில்லை. விரல், அணிகலன் போன்ற சிற்றுறுப்புகள் பின்னமானால் சரிசெய்து வழிபடலாம், தலை போன்ற பேருறுப்பு போனால் புதுப்படிமம் செய்யவேண்டும் என்ற பாகுபாட்டை மயமதம் போன்ற நூல்களில் காணலாம். வசுபந்துவின் சோதனையிலிருந்து கிடைத்த அதே ஏற்றத்தாழ்வு இங்கே முற்றிலும் வேறான வழியில் வந்து சேருகிறது. இந்த வரிசையில் கைப்பிடி ஐயமின்றிச் சிற்றுறுப்பு.

கழித்த படிமத்துக்கும் விதி உண்டு: கல்லானால் ஆழ்ந்த நீரில் இடவேண்டும், மரமானால் எரிக்கவேண்டும், உலோகமானால் உருக்கவேண்டும். பூரியில் 1996இலும் 2015இலும் நவகளேபரம் நடந்தபோது ஜகந்நாதர் முதலிய மர மூர்த்திகள் புதிதாகச் செய்யப்பட்டு, பிரம்ம பதார்த்தம் எனப்படும் உட்பொருள் கண் கட்டிய சேவகரால் பழைய திருமேனியிலிருந்து புதியதற்கு மாற்றப்பட்டது. பழையவை கோயில் வளாகத்துக் கோயிலி வைகுண்டத்தில் புதைக்கப்பட்டன. நீரும் நெருப்பும் மண்ணும் செய்வது ஒன்றே. ஹாப்ஸின் இரண்டாவது கப்பல் உருவாகாமல் பார்த்துக்கொள்கின்றன.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இதற்கு விலக்கு. அங்கே முன்னாள் மூலவராகக் கருதப்படும் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்தின் அடியில் இருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுகிறார். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்த 48 நாள் வைபவத்தில், முதலில் சயனக் கோலத்திலும் ஆகஸ்டில் நின்ற கோலத்திலும் வசந்த மண்டபத்தில் காட்சி தந்தபோது, கருவறையில் கல் மூலவரும் இருந்தார். இரண்டு கப்பலும் ஒரே துறையில் நின்றன. வந்தவர்கள் குழம்பியதாகத் தெரியவில்லை. அர்ச்சாவதாரக் கொள்கைப்படி பெருமாள் விரும்பிய திருமேனிகளில் எல்லாம் முழுமையாகவே எழுந்தருளுகிறார். எண்ணிக்கை அவரைப் பங்குபோடுவதில்லை. இந்த விடை ஜன்னலுக்கு உதவாது, அங்கே எழுந்தருள யாருமில்லை.

வீடுகளில் பெரும்பாலும் காஞ்சி வழக்கமே நடக்கிறது. கழற்றிய கைப்பிடி முழுசாக இருந்தால் குப்பைக்குப் போவதில்லை. ஆணி டப்பாவில் கிடக்கும். சில வருடம் கழித்துப் பரண் கதவுக்கோ குளியலறைக் கதவுக்கோ கைப்பிடி தேவைப்படும்போது வெளியே வரும். ஆசாரி அதை அங்கே முடுக்கி, திருகாணி இறுகியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பரண் கதவு வரும். வைசேஷிகர் கணக்கில் அப்போது அழிவது ஜன்னல் அன்று, கைப்பிடியில்லாத பரண் கதவு.