காய்ந்தது எல்லாம் செத்ததல்ல

“அவன் உள்ளம் செத்துவிட்டது, இனி திருந்தமாட்டான்” என்று ஒருவரைப் பற்றி முடிவு கட்ட நமக்கு உரிமை உண்டா?

மதில்மேல் படரும் பாசியைப் பாருங்கள். அதற்கு உண்மையான வேர் கிடையாது. இலையாலேயே நீரை உறிஞ்சுகிறது. அதன் ஆண் அணு ஈரத்தில் நீந்தித்தான் முட்டையை அடையும். கருவுற்றபின் மெல்லிய காம்பு எழும்பும். அதன் நுனியிலுள்ள சிமிழ் திறந்து வித்துகள் காற்றில் பறக்கும். ஈரம் இல்லையேல் இவை எதுவும் இல்லை.

கோடையில் அது கருகிச் சருகாகிவிடும். ஒரு மழை பெய்தால் மீண்டும் பச்சை! அண்டார்டிகாவின் சிக்னி தீவில் 1,500 ஆண்டுகளுக்கும் மேலாக உறைந்து கிடந்த பாசிக்கு ஆய்வாளர்கள் ஒளியும் ஈரமும் கொடுத்தார்கள். சில வாரங்களில் துளிர்த்தது. 2014-இல் அந்த ஆய்வு வெளியானது.

எல்லாப் பாசியும் துளிர்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் காய்ந்து கிடக்கும்போது எதில் உயிர் இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நனைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மனிதர்களும் அப்படித்தான். தீர்ப்பு நம் வேலையல்ல. ஈரம் கொடுப்பதே நம் வேலை. பல மாதங்களாகப் பள்ளிவாசல் பக்கம் வராத அந்தச் சகோதரரிடம் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். இன்று ஸலாம் சொல்லி நலம் விசாரியுங்கள்.

காய்ந்துபோன உள்ளங்களை, நம் உள்ளங்களையும் சேர்த்து, அல்லாஹ் உயிர்ப்பிப்பானாக! ஆமீன்.