சோல்பெரினோ போர்க்களம் புகட்டும் பாடம்



விடுமுறைக் காலத்தில் ஐரோப்பாவிலே எத்தனையோ குடும்பங்கள் மோட்டார் வண்டியில் கூடாரத்தையும் பாத்திரம் பண்டங்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் பிரயாணம் போவதுண்டு. வட இத்தாலியாவிலுள்ள கார்தா ஏரிக்கரை அவர்கள் விரும்பிக் கூடாரமடிக்கும் இடம். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் சோல்பெரினோ என்னும் சிற்றூர். உங்கள் பிள்ளைகள் என்றாவது அவ்வழியே போக நேர்ந்தால், அங்கே இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாமோ இன்று மனத்தால் அங்கே செல்வோம்.

1859-ம் ஆண்டு ஜூன் 24-ம் நாள், ஸ்நாபக அருளப்பரின் திருநாள். அன்று பிரான்சு, சார்தீனியப் படைகள் ஒருபுறமும் ஆஸ்திரியப் படை மறுபுறமும் அந்த மேடுகளில் மோதின. பொழுது சாய்வதற்குள் மாண்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர் ஏறக்குறைய 40,000 பேர். மூன்று அரசர்களும் கத்தோலிக்கர். இருபுறத்துப் போர்வீரரிலும் பெரும்பாலோர் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவர்கள். ஒரே பூசை கண்டவர்கள். ஆயினும் ஒருவரையொருவர் குத்திச் சாய்த்தார்கள்!

அவ்வூர் அர்ச். இராயப்பர் கோவிலுக்குள் செல்லுங்கள். பீடத்துக்குப் பின்னால் மண்டையோடுகள் வரிசை வரிசையாய் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய 7,000 பேரின் எலும்புகள் அங்கே உள்ளன. எது பிரெஞ்சுக்காரன், எது ஆஸ்திரியன்? யார் சொல்லக்கூடும்? உயிரோடிருக்கையில் கூடி நிற்க மாட்டாதவர்கள், செத்தபின் ஒரே கூரையின்கீழ் கூடிக் கிடக்கிறார்கள்.

மேற்கே சற்றுத் தூரத்தில் காஸ்திலியோனே. நம் அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர் அதுவே. கொள்ளைநோயாளரைப் பேணி, அந்நோயினாலேயே 1591-ல் தமது 23-ம் வயதில் உயிர்நீத்த அவருடைய ஊர் அன்று அவருக்கு ஏற்ற ஊராய் விளங்கிற்று. காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் வந்து குவிய, பெரிய கோவிலே ஆஸ்பத்திரியாயிற்று. பங்குக் குரு லொரென்சோ பார்சிஸ்ஸாவும் ஊர்ப் பெண்களும் தொண்டில் இறங்கினார்கள். இவன் நம்மவன், அவன் பகைவன் என்று பாராமல், எல்லாரும் சகோதரரே என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள், புண் கழுவினார்கள்.

அவர்களோடு உழைத்தவர் ஜெனீவா நகரத்து வியாபாரி ஹென்றி டுனாண்ட். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர்; சேசுநாதர் சொன்ன சமாரியனும் யூதனல்லவே! அங்கே கண்டதை அவர் 1862-ல் நூலாய் வெளியிட, 1863-ல் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது.

பிரியமானவர்களே, போர் அரசர்களோடு நின்றுவிடுகிறதா? வேலித் தகராறு, பாகப்பிரிவினை, கலியாண வீட்டில் தவறிய ஒரு சொல், இவற்றால் ஆண்டுக்கணக்காய் முகம் பாராத குடும்பங்கள் நம் பங்கில் இல்லையா? ஒரே கோவிலில் முழந்தாளிட்டு, ஒரே திவ்விய நற்கருணை உட்கொண்டு, வெவ்வேறு வாசலால் வெளியேறுகிறோமே! நாளை நம் கல்லறைத் தோட்டத்தில் அந்த எலும்புகளும் அடுத்தடுத்தே கிடக்கும். அதற்குமுன் பேசலாகாதா?

முதலில் பேசுகிறவன் தோற்றான் என்பது உலகத்தின் கணக்கு. சர்வேசுரன் கணக்கில் அவனே வென்றவன். ஆகையால் வருகிற ஞாயிறு பூசைக்குமுன் அந்த வீட்டுப் படி ஏறுங்கள். ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். அதன்பின் பீடத்தண்டை வாருங்கள்.

சமாதானத்தின் இராக்கினி நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. ஆமென்.