அந்தப் படம் எந்தக் கதவைத் தட்டுகிறது?

போரில் எரியும் நாட்டுக்கு ஆதரவு என்று சொல்லி எடுக்கப்படும் கலைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பூசைதான் ஞாபகம் வருகிறது. கன்னத்தில் கொடியின் நிறம் பூசிய இளம்பெண், சிவப்புச் சாயத்தில் தோய்த்த கரடிப் பொம்மை, பனியின்மேல் வரிசையாக அடுக்கிய குழந்தைச் சப்பாத்துகள். எடுத்தவர் நல்லவர், நின்றவர் நல்லவர், பார்த்துவிட்டு மனம் கசிந்து விருப்பக்குறி இட்டவரும் நல்லவரே. பூசையிலும் அப்படித்தான். கற்பூரம் காட்டுகிறவருக்குப் புண்ணியம் சேர்கிறது. யாருடைய துன்பம் தீர வேண்டும் என்று காட்டினாரோ அவருக்கு ஒன்றும் சேர்வதில்லை. கோயில் வாசலில் நின்று கேட்கத் துணிந்தவர்கள் கலைக்கூட வாசலிலும் கேட்கலாம்: இதனால் யாருக்கு என்ன கிடைத்தது?

மொன்றியலில் இந்தக் கேள்வியை உரசிப் பார்க்க நல்ல இடம் சூடான். 2023 ஏப்ரல் 15 அன்று கார்ட்டூமில் இராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படைக்கும் இடையே மூண்ட போர், ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டுத் துரத்தியது. 2024 பிப்ரவரி கடைசியில் கனடா அரசு, போரில் சிக்கிய உறவினரை இங்கே வாழும் சூடானியர் அழைத்துக்கொள்ள ஒரு திட்டத்தைத் திறந்தது. மொத்தம் 3,250 விண்ணப்பங்கள் என்று வரம்பு. அதற்குள் இன்னொரு நிபந்தனை: அழைக்கிறவர் கியூபெக் மாகாணத்துக்கு வெளியே வசிக்க வேண்டும். ஒட்டாவாவில் இருந்த அண்ணன் தன் தம்பியைக் கூப்பிட முடிந்தது. ஆற்றுக்கு மறுகரையில், கத்தினோவில் இருந்த அண்ணனால் முடியவில்லை. மொன்றியலில் இருந்தவருக்கும் அதே கதிதான். நாடு ஒன்று, போர் ஒன்று, தாய் ஒருத்தி. முகவரி மட்டும் வேறு.

உக்ரேனுக்காக 2022 மார்ச்சில் திறந்த திட்டத்தில் எண்ணிக்கை வரம்பே கிடையாது. ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். நல்லது, வரட்டும், அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வரம்பில்லாமல் திறக்கக் கனடாவுக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. காஸாவுக்கு 5,000, சூடானுக்கு 3,250 என்ற எண்களை எந்தத் தராசு நிறுத்துத் தந்தது?

ஆகவே மொன்றியலில் சூடானுக்காக ஒரு கலைஞர் படம் எடுக்கிறார் என்றால், குற்றவாளி கார்ட்டூமில் மட்டும் இல்லை. குற்றத்தின் ஒரு பகுதி, அந்தத் திட்டத்தில் சேராத கியூபெக் அரசின் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பைத் தொடாமல் பாலைவன மஞ்சளையும் வெறுங்காலையும் மட்டும் காட்டுகிற படம், பார்ப்பவரை அழவைத்து நிம்மதியாகத் தூங்க அனுப்பிவிடும்.

இந்த நகரத்துக்குப் பாவனைப் படம் புதிதும் இல்லை. 1860களில் இங்கே புகழோடு இருந்த படப்பிடிப்பாளர் வில்லியம் நோட்மன், தன் ஸ்டூடியோவுக்குள்ளேயே காடு அமைத்து, உப்பைத் தூவிப் பனி என்று காட்டி, வேட்டைக்காரர்களை நிறுத்திப் படம் எடுத்தார். படத்தில் இருப்பவர்கள் யாருக்கும் குளிரவில்லை. கைத்திறன் என்ற அளவில் அவை அபாரமான படங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குளிரில் விறைத்தவனுக்கு ஆதரவாக எடுத்த படம் என்று அவற்றை நோட்மன் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த நேர்மை அவரிடம் இருந்தது.

படத்தால் ஒன்றுமே நடக்காது என்று சொன்னால் அதுவும் மூடநம்பிக்கைதான். 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கடற்கரையில் முகம் குப்புறக் கிடந்த சிரியக் குழந்தை ஆலன் குர்தியை நிலூஃபர் தெமிர் எடுத்த படம் கனடாவை உலுக்கியது. ஏன் குறிப்பாகக் கனடாவை? குழந்தையின் அத்தை பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்தார். தன் இன்னொரு தம்பியின் குடும்பத்துக்காக அவர் போட்ட விண்ணப்பம், ஆவணம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. ஏழு வாரத்துக்குள் பொதுத் தேர்தல். இரக்கம் போய் முட்டிக்கொள்ள ஒரு விண்ணப்பப் படிவமும் ஒரு வாக்குப் பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. டிசம்பர் 12 அன்று சிரிய அகதிகளின் விமானம் மொன்றியலில் இறங்கியது. அடுத்த பிப்ரவரி முடிவதற்குள் 25,000 பேர் வந்துவிட்டார்கள். அதே படம் தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழர்களான நமக்கும் அப்படி ஒரு படம் உண்டு. விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரன், கொல்லப்படுமுன் இலங்கை இராணுவக் காவலில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கும் படம் 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது. இலங்கை மீதான ஜெனீவா தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அந்தப் படம் கலைஞன் எடுத்ததல்ல, சிறைபிடித்தவர்களின் கையிலிருந்து வந்தது. (அதே படத்தை ஃபிளெக்ஸில் பெரிதாக்கி, மூலையில் தம் சிரித்த முகத்தையும் ஒட்டிக்கொண்ட அரசியல்வாதிகளையும் நாம் பார்த்தோம். அதுவும் ஒருவகைப் படைப்பூக்கம்.)

பழைய மொன்றியலில், பொன்செக்கூர் சந்தை மண்டபத்தில், உலகப் பத்திரிகைப் படக் கண்காட்சி நடக்கும். 2024இல் அதன் தலையாய பரிசைப் பெற்றது, கான் யூனிஸ் மருத்துவமனையில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை ஒரு பெண் நெஞ்சோடு அணைத்திருக்கும் படம். ராய்ட்டர்ஸின் முகமது சாலெம் எடுத்தது. பெண்ணின் முகமும் தெரியாது, குழந்தையின் முகமும் தெரியாது. அந்த மண்டபத்திலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் ரெப்பன்தினி வந்துவிடும். அங்கே ஜெனரல் டைனமிக்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அதே 2024 ஆகஸ்டில் இஸ்ரேலுக்கு 50,000 மோட்டார் குண்டுகள், 6 கோடி டாலருக்கு மேல், என்று அமெரிக்க அரசு அறிவித்தபோது, முதன்மை ஒப்பந்ததாரராகக் குறித்திருந்தது அந்த நிறுவனத்தின் கியூபெக் பிரிவைத்தான். கேள்விகள் எழுந்தன. கனடாவில் செய்த ஆயுதம் காஸாவுக்குப் போக விடமாட்டோம் என்று செப்டம்பரில் அன்றைய வெளியுறவு அமைச்சர் மெலனி ஜோலி சொல்ல வேண்டி வந்தது. அவருடைய தொகுதியும் மொன்றியலில்தான். கேள்விக்கு வழிவிட்டது ஓர் அரசாங்க அறிவிப்பின் வறட்டு வாசகம். அதைச் சிலர் பொறுமையாகப் படித்தார்கள். படைப்பாற்றல் மிக்க படப்பிடிப்பாளர்கள் அந்தத் தொழிற்சாலை வாசலுக்குப் போய் எத்தனை படம் எடுத்தார்கள்? பொம்மைக்குச் சாயம் பூசுவதைவிட அது சிரமமான வேலை. வாசலில் இறங்கும் தொழிலாளி வில்லனாகத் தெரியமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் போலவே இருப்பார். அந்தச் சங்கடம்தான் படத்துக்கு வர வேண்டியது.

கலை மனுப்போடும் வேலை அல்ல என்று கோபிப்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கலை என்றே சுவரில் எழுதுங்கள், ஆதரவு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இனி நம் பக்கம். வன்னியிலிருந்து 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களை இலங்கை அரசு வெளியேற்றியது. போர்முனைக்குச் சுதந்திரமான செய்தியாளர் போக வழியில்லை. பின்னர் வந்த படங்களில் மிகக் கொடியவை கொன்றவர்களே கைப்பேசியில் எடுத்துக்கொண்டவை. 2025 அக்டோபரில் சூடானின் எல் ஃபாஷர் வீழ்ந்தபோதும் அதுவே நடந்தது: கொன்றவர்கள் தாங்களே படம்பிடித்தார்கள், வானத்திலிருந்து செயற்கைக்கோள் மண்ணில் செந்நிறக் கறைகளைக் காட்டியது, உள்ளே போக யாருக்கும் வழியில்லை. உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரிய வேண்டிய படங்கள் அவை. மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு மேடைகளில் உலகம் வாய்மூடி இருந்தது என்று நாம் பேசும்போது, அந்த உலகத்தில் இப்போது நாமும் ஒரு பகுதி என்பதை மறந்துவிடுகிறோம்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். முதலில் ஊரே உருகியது. இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் சொன்னது பொய், ஏறியது மேற்கு ஜெர்மனியில் என்று தெரிந்ததும் உருக்கம் எரிச்சலாக மாறியது. ஆனால் அதற்குள் தங்கவும் வேலை செய்யவும் அமைச்சரின் ஓராண்டு அனுமதித் தாள் அவர்கள் கையில் இருந்தது. மக்களின் மனம் மாறியதால் அந்தத் தாள் செல்லாமல் போகவில்லை. மொன்றியலுக்கும் டொராண்டோவுக்கும் வந்து சேர்ந்தவர்கள் அதை வைத்துத்தான் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அன்று தொடங்கிய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளிடம் இன்று நல்ல காமிரா இருக்கிறது, வாக்குரிமை இருக்கிறது, நம்மைவிட நல்ல பிரெஞ்சு இருக்கிறது. இதே நகரத்துச் சூடானியர் தம் உறவினருக்கும் வழி திறக்கச் சொல்லி மாகாண அரசைக் கேட்கும்போது, அந்தக் கடிதத்தின் கீழே ஒரு தமிழ்ச் சங்கத்தின் கையெழுத்தாவது இருக்கிறதா?